வீடியோ முடிஞ்சதும் கேள்வி கேக்கறது யாரு?

ராத்திரி பதினோரு மணி இருக்கும், வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, நான் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஒரே நாலு நிமிஷ வீடியோவ ஆறாவது தடவையா ஓட்டிட்டு இருந்தேன். புள்ளியியல்ல ஒரு சின்ன விஷயம்தான். ஒரு பெரிய கூட்டத்துலருந்து கொஞ்சம் பேர மட்டும் சாம்பிளா எடுத்து அவங்க மார்க் எவ்ளோ சிதறிக் கிடக்குன்னு கணக்கு போடுவோம்ல, வேரியன்ஸ்னு சொல்வாங்க, அதுல கடைசியா எத்தனை பேர எடுத்தோமோ அந்த எண்ணிக்கையால வகுக்காம அதுலருந்து ஒன்ன கழிச்சுட்டு வகுக்கணும், பத்து பேர எடுத்தா ஒம்பதால வகுக்கணும். ஏன் அந்த ஒன்னு? காலேஜ்லயே இது வந்துச்சு, "ஃபார்முலா அப்படித்தான், எழுதிக்கோங்க"ன்னு சொன்னாங்க, எழுதிக்கிட்டோம், பரீட்சையில அப்படியே போட்டோம், மார்க்கும் வந்துச்சு. இருபது வருஷம் கழிச்சு ஆபீஸ்ல டேட்டா வேலை பாக்க வேண்டி வந்தப்பதான் அந்த ஒன்னு திரும்ப வந்து முன்னாடி நின்னுச்சு.

இந்த ஒரு வருஷமா நான் இப்படித்தான் படிக்கறேன், ஆன்லைன் கோர்ஸ், யூடியூப், போன்ல ஃப்ளாஷ்கார்டு ஆப் (ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில்னு அட்டை மாதிரி இருக்கும்), அப்பப்ப சாட்ஜிபிடி. இதப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், ஏன்னா வகுப்பறைக்கு வெளிய படிக்கறது எப்படி மாறிடுச்சுன்னு எல்லாரும் பேசறோம், ஆனா பேச்சு பூரா "எல்லாமே இப்ப ஃப்ரீயா கெடைக்குது"ன்னு ஆரம்பிச்சு அங்கயே முடிஞ்சுடுது. கெடைக்குது, உண்மைதான். அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகம் 2001லயே தன்னோட பாடங்கள இணையத்துல எல்லாருக்கும் சும்மா போடப்போறோம்னு அறிவிச்சு அடுத்த வருஷமே போட ஆரம்பிச்சுட்டாங்க. கெடைச்சதுக்கு அப்புறம் என்ன நடக்குதுங்கறதுதான் என் மனசுல ஓடிட்டே இருக்கு.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். அந்த ஆறாவது தடவை இருக்கு பாருங்க, அது எந்த வகுப்புலயும் கெடைக்காது. அறுபது பேர் உக்காந்திருக்கற ரூம்ல கைய தூக்கி "புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு ஒரு தடவை கேக்கலாம், தைரியசாலியா இருந்தா ரெண்டாவது தடவையும் கேக்கலாம், மூணாவது தடவை யாரும் கேக்க மாட்டாங்க, பின்னாடி பெஞ்சுல சிரிப்பாங்க, இல்லன்னா டீச்சர் முகம் மாறும், இல்லன்னா நமக்கே கூசும். அதுக்காகவே "புரிஞ்சுது"ன்னு தலையாட்டிட்டு உக்காந்த பசங்க எத்தனை பேரு, நானும் அதுல ஒருத்தி. ஸ்க்ரீனுக்கு அந்த முகம் கெடையாது. சல்மான் கான் கதை (நடிகர் இல்ல, இவர் அமெரிக்காவுல இருக்கறவரு) பல பேருக்கு தெரிஞ்சிருக்கும், 2004ல சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்கு தூரத்துலருந்து போன்லயும் கம்ப்யூட்டர்லயும் கணக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் கேக்கறவங்க அதிகமானதும் 2006லருந்து யூடியூப்ல வீடியோவா போட்டாரு, அதுதான் பின்னாடி கான் அகாடமி ஆச்சு. அந்த சொந்தக்காரப் பசங்களே அவர்கிட்ட, நேர்ல சொல்லித்தர்ற உங்கள விட யூடியூப்ல வர்ற உங்களத்தான் எங்களுக்கு பிடிச்சிருக்குன்னு சொன்னாங்கன்னு அவரே மேடையில சொல்லியிருக்காரு. நேர்ல இருந்தா அவரோட நேரத்த வீணாக்கறோமோன்னு கூச்சம், வீடியோல பத்து தடவை கேட்டாலும் யாருக்கும் தொந்தரவு இல்ல. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தத் தொழில்நுட்பத்துக்கு நான் ஆயுசு பூரா நன்றி சொல்வேன்.

சரி, ஆறு தடவை பாத்தாச்சு, ஏழாவது தேவைப்படல, புரிஞ்சுடுச்சுன்னு நிம்மதியா தூங்கப் போயிட்டேன். மறுநாள் காலைல எட்டாங்கிளாஸ் படிக்கற என் பொண்ணு என் நோட்ட எட்டிப் பாத்துட்டு "இது என்னம்மா, எல்லா எடத்துலயும் ஒன்ன கழிச்சிருக்க?"ன்னு கேட்டா. சொல்ல ஆரம்பிச்சேன், மொத வாக்கியம் வந்துச்சு, ரெண்டாவது வாக்கியம் பாதியில நின்னுச்சு. "ஏன் ஒன்னு? ரெண்டு கழிச்சா என்ன?"ன்னா. வீடியோல வந்த குரல் ஞாபகம் இருக்கு, அந்த மஞ்சள் கலர் எழுத்துகூட ஞாபகம் இருக்கு, ஆனா பதில் என்கிட்ட இல்ல.

அன்னைக்கு சாயந்தரம் ரெண்டு பேரும் உக்காந்து மூணு துண்டுச் சீட்டு எடுத்து 2, 4, 6ன்னு எழுதினோம். இதுதான் நம்ம மொத்தக் கூட்டமே, மூணே பேரு. சராசரி 4. ஒவ்வொன்னும் சராசரியிலருந்து எவ்ளோ தள்ளி இருக்கு, 2, 0, 2, அத வர்க்கம் பண்ணா 4, 0, 4, கூட்டினா 8, மூணால வகுத்தா 2.67. இது உண்மையான வேரியன்ஸ், ஏன்னா மொத்தப் பேரும் கையில இருக்காங்க. இப்ப ஒரு டப்பாவுல சீட்ட போட்டு ஒன்ன எடுத்து எண்ண எழுதிக்கிட்டு திரும்ப உள்ள போட்டு குலுக்கி இன்னொன்னு எடுக்கறோம், அதாவது ரெண்டு பேர் சாம்பிள். இப்படி மொத்தம் 9 சேர்க்கைதான் வர முடியும் (மொதல்ல 2 அப்புறம் 4 வர்றதும், மொதல்ல 4 அப்புறம் 2 வர்றதும் வேற வேற), ஒன்னு விடாம எழுதினோம். ரெண்டு தடவையும் ஒரே சீட்டு வந்தா சிதறலே இல்ல, பூஜ்யம், அப்படி மூணு இருக்கு. 2ம் 4ம் வந்தா, இல்ல 4ம் 6ம் வந்தா, அந்த ரெண்டு சீட்டோட சராசரியிலருந்து தள்ளி இருக்கறதோட வர்க்கங்கள கூட்டினா 2, அப்படி நாலு இருக்கு. 2ம் 6ம் வந்தா 8, அது ரெண்டு. எல்லாத்தையும் கூட்டினா 24. ஒவ்வொரு சாம்பிளையும் ரெண்டால வகுத்துட்டு ஒம்பதுக்கும் சராசரி எடுத்தா 1.33, உண்மையில பாதிதான் வருது. ரெண்டுல ஒன்ன கழிச்சு ஒன்னால வகுத்தா? 24ஐ 9ஆல வகுக்கணும், 2.67. அப்படியே வந்து ஒக்காந்துச்சு!

பொண்ணு கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்தா. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, மிகையா சொல்லல, இருபது வருஷமா வெறும் விதியா மனசுல இருந்தது மூணு துண்டு காகிதத்துல திறந்துச்சு. காரணமும் அப்பதான் கண்ணுல பட்டுச்சு, நாம எடுத்த ரெண்டு சீட்டோட சராசரி எப்பவுமே அந்த ரெண்டு சீட்டுக்கு நடுவுலயே போய் நின்னுக்குது, உண்மையான சராசரி 4 அங்க இல்லாட்டியும் அவங்களுக்கு வசதியான எடத்துல நிக்குது, அதனால சிதறல் மொத்தத்துல கம்மியாத்தான் தெரியும், அந்தக் குறைய சரிக்கட்டத்தான் ஒன்ன கழிக்கறோம். அந்த வீடியோல இதேதான் சொன்னாங்க. திரும்ப போய் பாத்தேன், வார்த்தைக்கு வார்த்தை இதேதான்! வீடியோ மேல ஒரு குத்தமும் இல்ல, அதப் பாத்துட்டு இருந்த என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல, அவ்ளோதான் வித்தியாசம்.

இது எனக்கு மட்டும் நடக்கறதில்ல. 2018ல மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதத்தான் சோதிச்சுப் பாத்தாங்க. மேஜைல தட்டு கிளாஸ் எல்லாம் இருக்கும்போதே கீழ இருக்கற துணிய மட்டும் சடார்னு உருவற வித்தை, சின்ன அம்ப பலகையில எறியற டார்ட், மூன்வாக் நடனம், இந்த மாதிரி வேலைங்களோட வீடியோவ சில பேருக்கு ஒரே தடவையும் சில பேருக்கு இருபது தடவையும் காட்டினாங்க. நெறைய தடவை பாத்தவங்களுக்கு "என்னால முடியும்"ங்கற நம்பிக்கை ஏறிடுச்சு, ஆனா டார்ட், மூன்வாக் மாதிரி வேலைங்கள செஞ்சு காட்டச் சொன்னப்ப ஒரு தடவை பாத்தவங்கள விட ஒரு பொட்டுகூட நல்லா செய்யல. அதுலயே இன்னொரு சோதனையில, வித்தைக்காரங்க தூக்கிப் போட்டுப் பிடிக்கற கட்டைங்கள வீடியோ முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா கையில பிடிச்சுப் பாக்க விட்டாங்க, எறியக்கூட வேண்டாம், பிடிச்சாலே போதும், அதுலயே அந்த பொய் நம்பிக்கை கொறஞ்சுடுச்சு. எனக்கு அந்த மூணு சீட்டு பண்ணினது இதேதான்னு நெனைக்கறேன்.

படிச்சத மறுபடி மறுபடி படிக்கறதும் இதே கதைதான். 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் மாணவர்களுக்கு ஒரு பத்திய குடுத்து, ஒரு குழுவ திரும்பத் திரும்ப படிக்க வெச்சாங்க, இன்னொரு குழுவ ஒரு தடவை படிச்சதும் மூடி வெச்சுட்டு ஞாபகம் இருக்கறத எழுதுங்கன்னு மூணு தடவை எழுத வெச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு பாத்தா திரும்பத் திரும்ப படிச்சவங்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம், எழுதிப் பாத்தவங்களுக்கு 61 சதவீதம். கொடுமை என்னன்னா அஞ்சு நிமிஷத்துலயே சோதிச்சா திரும்பத் திரும்ப படிச்சவங்கதான் முன்னாடி நிப்பாங்க, அதனால நல்லா ஏறிடுச்சுன்னு தோணும். ராத்திரி வீடியோ பாத்துட்டு படுக்கப் போற என் நிலைமை அந்த அஞ்சாவது நிமிஷம்.

இத உணர்ந்து செஞ்ச ஆப்புங்களும் இருக்கு, அத சொல்லாம விடக்கூடாது. 1885லயே எபிங்காஸ்னு ஒருத்தர் அர்த்தமில்லாத அசைங்கள தானே மனப்பாடம் பண்ணி எவ்ளோ வேகமா மறக்குதுன்னு அளந்து எழுதி வெச்சாரு, 1972ல லைட்னர்னு ஒருத்தர் அட்டைங்கள பெட்டியில அறை அறையா பிரிச்சு, தெரிஞ்ச அட்டைய தள்ளிப் போட்டு தெரியாத அட்டைய அடிக்கடி எடுத்துக் கேக்கற முறைய சொன்னாரு, 2006ல கம்ப்யூட்டருக்கு வந்த அன்கி ஆப் பின்னாடி அந்த மாதிரி அட்டப்பெட்டிய போனுக்குள்ளயும் கொண்டாந்துடுச்சு. தினம் காலைல பஸ்ல பதினஞ்சு நிமிஷம் அது என்ன கேக்குது, நான் மனசுக்குள்ள பதில் சொல்றேன், தப்பா சொன்னா நாளைக்கே திரும்ப கேக்குது, சரியா சொன்னா நாலு நாள், பத்து நாள், ஒரு மாசம்னு தள்ளிப் போகுது. பாக்க ஒன்னுமே இருக்காது, ஒரு படம்கூட கெடையாது, ஆனா என் போன்ல இருக்கறதுலயே எனக்கு உண்மையா சொல்லிக் குடுத்தது அதுதான்னு சொல்வேன்.

பெரிய பெரிய கோர்ஸுங்களுக்கு வருவோம். 2012ல எம்ஐடி-ஹார்வர்ட் சேந்து ஆரம்பிச்ச எட்எக்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்தோட மொத கோர்ஸ் மின்சுற்று, எலக்ட்ரானிக்ஸ் பத்தினது, சுமார் 1,55,000 பேர் பதிவு பண்ணாங்க, பாஸ் பண்ணினது 7,157 பேர். இந்த நம்பர வெச்சுக்கிட்டு ஆன்லைன் படிப்பே தோத்துடுச்சுன்னு பேசறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், வருஷத்துக்கு நூத்தம்பது பேருக்கு பாடம் எடுக்கற ஒரு பேராசிரியர் ஏழாயிரம் பேர எட்ட நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். மத்தவங்கள்லயும் பாதிப் பேர் சும்மா எட்டிப் பாக்க வந்திருக்கலாம், தப்பே இல்ல, லைப்ரரிக்கு போனவங்க எல்லாரும் புத்தகத்த முடிச்சுட்டா வர்றாங்க. என் மனசு அடிச்சுக்கறது வேற ஒரு ஆளுக்காக. உண்மையாவே படிக்கணும்னு வந்து, மூணாவது வாரம் ஒரு கணக்குல மாட்டி, கேக்க ஆளில்லாம, "நமக்கு இது வராது போல"ன்னு லேப்டாப்ப மூடினவங்க. அவங்களுக்கு தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு "நீ எங்க மாட்டின, காட்டு".

இந்தத் தேவை புதுசும் இல்ல. 1840ல இங்கிலாந்துல ஒரு பென்னிக்கு தபால் அனுப்பலாம்னு வந்ததும் ஐசக் பிட்மன் தபால்லயே சுருக்கெழுத்து சொல்லிக் குடுத்தாரு, வகுப்பறைக்கு வெளிய படிக்கறதோட பழைய கதைங்கள்ல இதுவும் ஒன்னு. பைபிள் வரிங்கள சுருக்கெழுத்துல எழுதி அனுப்பணும், அவர் திருத்தி திருப்பி அனுப்புவாரு. பாடம் போனது பாதி, திருத்தின காகிதம் திரும்பி வந்தது மீதி. இன்னைக்கு பாடத்த அனுப்பற வேகம் எங்கயோ போயிடுச்சு, திரும்பி வர்ற அந்த காகிதம்தான் பல எடத்துல காணோம்.

எங்க அப்பா விஷயத்துல அது திரும்பி வந்துச்சு, அதையும் சொல்றேன். எழுபது வயசுல படம் வரைய கத்துக்கறேன்னு டேப்லெட்ட வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. மனுஷ கை வரையறதுதான் கஷ்டம்னு எல்லாரும் சொல்வாங்கல்ல, மாசக்கணக்கா கையா வரைஞ்சு தள்ளினாரு, வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்து வரைவாரு, நோட்ட ஸ்க்ரீன் பக்கத்துல வெச்சு மாத்தி மாத்தி பாப்பாரு. விரலெல்லாம் அழகா இருக்கும், ஆனா மொத்தமா பாத்தா ஏதோ ரப்பர் கையுறை மாதிரி இருக்கும், ஏன்னு அவருக்கும் தெரியல எனக்கும் தெரியல. கடைசில நான்தான் அத போட்டோ எடுத்து ஓவியம் கத்துக்கறவங்க இருக்கற ஒரு குழுவுல போட்டேன். யாரோ ஒருத்தர், பேரு ஊரு எதுவும் தெரியாது, அந்த போட்டோ மேலயே ஒரு சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருந்தாரு, "ஐயா, கட்டைவிரல ஆள்காட்டி விரலுக்கு பக்கத்துல ஒட்ட வெச்சிருக்கீங்க, அது மணிக்கட்டுகிட்டயே ஆரம்பிக்குது, உங்க கையவே மடக்கிப் பாருங்க." அப்பா கைய மடக்கினாரு, விரிச்சாரு, திரும்ப மடக்கினாரு, மணிக்கட்டுக்கு மேல அந்த சதை எழும்பறத இன்னொரு கையால தொட்டுப் பாத்தாரு. எழுபது வருஷமா கூடவே இருந்த கை! அடுத்து வரைஞ்ச கை உயிரோட இருந்துச்சு. அந்த சிவப்புக் கோடுதான் நான் சொல்ற திருத்தின காகிதம், அத முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் காசு வாங்காம போட்டுக் குடுத்தாருங்கறத நெனைச்சா இன்னும் நெகிழ்ச்சியா இருக்கு, இணையத்தால வந்த நல்லதுல இத நான் ரொம்ப மேல வெப்பேன்.

சாட்ஜிபிடி வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துச்சு, கேக்க ஆள் கெடைச்சாச்சுன்னு. 2022 நவம்பர்ல வந்துச்சு, அப்பறம் படிக்கற முறையே தலைகீழாகிடுச்சு. ஆனா இதுலயும் யாரு யார கேக்கறாங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. துருக்கில ஒரு பள்ளியில கிட்டத்தட்ட ஆயிரம் மாணவர்கள வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, கணக்கு பயிற்சி பண்ணும்போது ஒரு குழுவுக்கு சாதாரண சாட்ஜிபிடி மாதிரியே ஒன்னு, இன்னொரு குழுவுக்கு விடைய சொல்லாம டீச்சருங்க எழுதிக் குடுத்த குறிப்ப மட்டும் சொல்ற மாதிரி ஒன்னு, மூணாவது குழுவுக்கு எதுவும் இல்ல. பயிற்சியில மொத குழு, எதுவும் இல்லாத குழுவ விட 48 சதவீதம் நல்லா பண்ணுச்சு. அப்புறம் அத பிடுங்கிட்டு பரீட்சை வெச்சாங்க, எதுவுமே இல்லாம படிச்ச பசங்கள விட 17 சதவீதம் கம்மியா வாங்கினாங்க. குறிப்பு மட்டும் வாங்கின குழுவுக்கு அந்த சரிவு கிட்டத்தட்ட இல்ல. உள்ள ஓடறது ஒரே எந்திரம்தான், ஒன்னு பதில் சொல்லுச்சு, இன்னொன்னு யோசிக்க வெச்சுச்சு.

இத படிச்சதுக்கு அப்புறம் நான் பழக்கத்த மாத்திக்கிட்டேன். "இத விளக்கு"ன்னு கேக்கறத கொறைச்சுட்டு, நானே தெரிஞ்ச வரைக்கும் பத்து வரி டைப் பண்ணி "இதுல எங்க ஓட்டை இருக்கு, விடைய சொல்லாத, என்ன கேள்வி கேளு"ன்னு போடறேன். மொத நாள் மூணு கேள்வி கேட்டுச்சு, ரெண்டுக்கு பதில் தெரியல, ரொம்ப எரிச்சலா இருந்துச்சு, வீடியோ பாக்கறப்ப வர்ற அந்த சுகமே இல்ல. சில சமயம் தப்பாவும் சொல்லுது, நல்ல தன்னம்பிக்கையோட தப்பா சொல்லுது, அதனால கணக்கா இருந்தா கையால ஒரு தடவை போட்டுப் பாக்காம நான் எடுத்துக்கறதில்ல. பொண்ணு ஹோம்வொர்க்குக்கும் இதே விதிதான், மொதல்ல உன் பதில நோட்ல எழுது, அப்புறமா அதுகிட்ட காட்டலாம். சண்டை வருது, வரட்டும்.

இவ்ளோ எழுதும்போதே ஒன்னு உறுத்துது. 2020 கடைசில யுனிசெஃபும் ஐடியுவும் (ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பு) சேந்து சொன்ன கணக்குப்படி 3லருந்து 17 வயசு வரைக்கும் இருக்கற பசங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 130 கோடி பேருக்கு, வீட்ல இணையமே இல்ல. பள்ளிக்கூடம் மூடி எல்லாரும் ஆன்லைன்ல படிங்கன்னு சொன்ன அதே வருஷம்! நான் ஆறாவது தடவையா ஓட்டின வீடியோ அவங்களுக்கு ஒரு தடவைகூட ஓடாது. இணையம் இல்லாத எடத்துக்கு விக்கிப்பீடியாவையே மொத்தமா டவுன்லோட் பண்ணி எடுத்துட்டுப் போற மாதிரி கிவிக்ஸ் இருக்கு, பாடம், வீடியோ, பயிற்சி எல்லாத்தையும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல வெச்சு பக்கத்துல இருக்கற டேப்லெட்டுங்களுக்கு இணையமே இல்லாம குடுக்கற கோலிப்ரி இருக்கு. பளபளன்னு வர்ற புது ஆப்பப் பத்தி எழுதற அளவுக்கு இதப் பத்தி யாரும் எழுதறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம், டெக்னிக்கல் வேலை தெரிஞ்சவங்க யாராவது இதப் படிச்சா அந்த ரெண்டையும் ஒரு தடவை தேடிப் பாருங்க, ரெண்டுமே இலவசம், பழைய லேப்டாப்லயே ஓடும்.

அந்த மூணு சீட்டு இன்னும் எங்க மேஜை மேல டப்பாவுலயேதான் கெடக்கு. நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பொண்ணே அத எடுத்துட்டு வந்தா. "அம்மா, ரெண்டு ரெண்டா எடுத்தப்ப ஒன்னால வகுத்தோம்ல, மூணு மூணா எடுத்தா ரெண்டால வகுக்கணும், அப்பவும் 2.67தான் வருமா?" வரும்னு எனக்குத் தெரியும், வாய் வரைக்கும் வந்துடுச்சு, அடக்கிக்கிட்டு "எத்தனை சேர்க்கை வரும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் விரல்ல எண்ணிட்டு 27ன்னா. நோட்டு எடுத்து கோடு போட்டு ஒன்னொன்னா எழுத ஆரம்பிச்சோம், அவ சீட்ட அடுக்கி சொல்ல சொல்ல நான் எழுதினேன், பதினஞ்சாவது வரும்போது மணி பத்தரை, அவளுக்கு கண்ணு சொக்கிடுச்சு. பாக்கி பன்னெண்ட நாளைக்கு நானே எழுதுவேன், நீ எழுதி வெச்சுடாதன்னு சொல்லிட்டு போய் படுத்தா.